எங்கள் வீட்டின் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலம். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாய்கள் எங்களைவிட நலம். அவற்றுக்கு நேரத்துக்குக் குளியல் கிடைக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் அக்கா, நாலு மாதமாக வீட்டிலேயே நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் தொழில் நடத்துவது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு குளியலறை என்பதும் தெரியும். ஒன்பது மணிக்கு ஒரு பஞ்சுமூட்டை, பத்து மணிக்கு ஒரு கன்றுக்குட்டி, பதினொன்றுக்கு 'ஜமீன்தார்' என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒரு தடியன். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினால், "முன்னாடியே சொல்லி வெச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்கிறாள். முப்பத்தோரு வருடம் நகரமைப்பு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனைக் கேட்கிற கேள்வியா இது?

அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன்? நான் வேலை பார்த்த அதே அலுவலகத்துக்கு, எங்கள் வீட்டின் மேல் நானே ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். குடியிருப்புப் பகுதியில் வீட்டுத் தொழில் நடத்த என்னென்ன விதி உண்டோ அத்தனையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றுவிடாமல் எழுதினேன்.

ஆய்வாளர் அளவு நாடாவோடு வந்தார். வீட்டின் பரப்பில் கால்வாசிக்கு மேல் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. கூடத்தையும் குளியலறையையும் அளந்து பார்த்து, "கொஞ்சம் கூடுதலா இருக்கேம்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. உங்கள் அக்கா கண்ணை இமைக்கவில்லை. "அப்போ கூடம் வேண்டாம். இவரு பேப்பர் படிக்கிற ரூம் சின்னதுதான், அது போதும்" என்றாள். முடி வெட்டும் மேசை என் அறைக்குள் போயிற்று. என் சாய்வு நாற்காலி கூடத்துக்கு வந்து, போகிற வருகிற நாயெல்லாம் முகர்ந்து பார்க்கும் பொருளாயிற்று. அடுத்த விதி, வீட்டில் குடியிருப்பவர்களைத் தவிர வேறு யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. அதனால் நாயைப் பிடித்துக்கொள்ள வந்துகொண்டிருந்த அம்மாள் நின்றுவிட்டார். இங்கே குடியிருப்பது மொத்தம் இரண்டு பேர். ஒருவர் கையில் கத்தரிக்கோல். இன்னொருவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? சரி, ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளருக்கு மேல் வரக் கூடாது என்ற விதியாவது என்னைக் காப்பாற்றும் என்று பார்த்தால், நாய் வாடிக்கையாளரா இல்லையா என்பதில் ஆய்வாளருக்கே குழப்பம். தலையைச் சொறிந்துவிட்டு, "ஓனர்தான் சார் வாடிக்கையாளர். நாய் வந்து... வேலை" என்று தீர்ப்புச் சொன்னார். ஆக, ஓனர்கள் இப்போது வாசலிலேயே நாயை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே ஒரே நேரத்தில் ஐந்து வேலைகள், ஐந்தும் என் காலைச் சுற்றி நிற்கின்றன.

மிஞ்சியது சத்தம். தொழிலின் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது. ஆய்வாளர் மூன்று நாள் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "நாய்ங்க ஒண்ணும் குரைக்கல சார். 'விடுடா, பேன்ட்ட விடுடா'ன்னு ஒரு ஆம்பளைக் குரல்தான் தெருக்கோடி வரைக்கும் கேக்குது" என்றார். அதையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, வருகிற வியாழக்கிழமைக்குள் நேரில் வந்து, இந்தத் தொழிலை ஏறக்கட்டச் சொல்லி உங்கள் அக்காவிடம் பேச வேண்டும். என் பேச்சு எடுபடாது, நான் வெறும் வேலையாள். அந்தக் கடுதாசி விஷயம் மட்டும் உயிரே போனாலும் உங்கள் வாயில் வரக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். குழந்தைகள் நன்றாகப் படித்து, இரண்டு குளியலறை உள்ள வீடாகக் கட்டிக்கொண்டு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்
(வீட்டில் குடியிருப்பவர்)

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. தெருவுக்குச் சத்தம் கேட்பதால் வீட்டில் தொழில் நடத்த அனுமதி இல்லை, ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. உங்கள் அக்கா ஈரத் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டே, "நாலு மாசம் நல்லா போச்சு" என்றாள். ஈரத் துண்டை யாராவது மடிப்பார்களா, மாப்பிள்ளை? எனக்குத் தாங்கவில்லை, அழுகை வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து பதினோரு பக்கம் ஆட்சேப மனு எழுதினேன். சத்தம் போட்டது தொழில் அல்ல, கணவன். வீட்டில் கணவன் சத்தம் போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை என்று வாதாடினேன். புகார் எழுதியவன் வேலைவெட்டி இல்லாத, வயிற்றெரிச்சல் பிடித்த, மனசு கோணலான ஆசாமி, அவன் பேச்சை நம்பவே கூடாது என்றும் போட்டேன். உங்கள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினோரு பக்கத்தையும் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. அந்த ஆளைப் பத்தி எழுதினது எல்லாம் ரொம்பச் சரி. மேல 'பொருள்', 'பார்வை', கீழ 'நகல்: கோப்புக்கு'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் எடுத்துடுங்க. மொட்டைக் கடுதாசிலயும் அப்படியேதான் இருந்துச்சு. ஆய்வாளர் முதல் நாளே என்கிட்ட காட்டிட்டாரு" என்றாள்.