அம்மாவின் கட்டிலைத் தாண்டிப் போகும் நகர எல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் பாதி நலம். நீ முழு நலமாகவே இருப்பாய்; நகர எல்லை வரைபடப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன குறை?

"அக்கா, உன் வீட்ட சிட்டிக்குள்ள கொண்டு வந்துட்டேன்" என்று நீ போனில் சொன்னபோது நான்கூட ஒரு நிமிடம் நம்பினேன். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதே என்று பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் படித்தவள். போன மாதம் உன் சர்வேயர் வந்து பின்னறை நிலைவாசலில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. நீ எடுத்துக்கொண்டது பின்னறை கட்டுவதற்கு முந்தைய வரைபடம். ஹாலும் சமையலறையும் நகரம், பின்னறை மாவட்டம். அந்த அறைக்குச் செங்கல் சுமந்தவனே நீதான் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து அம்மா அங்கேதான் படுத்திருக்கிறாள். ஆறு வாரத்துக்குள் நடக்காவிட்டால் அப்புறம் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லி நான்கு வாரம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க வேண்டிய நகர நர்ஸ் முதல் நாளே கோட்டருகில் நின்றுவிட்டாள்.

"மேடம், பேஷண்ட் அந்தப் பக்கம் இருக்காங்க. நான் சிட்டி."

"நாலு அடிதானேம்மா?"

"நாலு அடின்னாலும் வேற எல்லை மேடம். விழுந்துட்டாங்கன்னா யாரு பதில் சொல்றது?"

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வாசல் நகரத்தில் இருப்பதால் அவர்கள் நர்ஸ் அந்த வழியாக வர முடியாதாம். பின்பக்கம் கதவு உண்டா என்றார் அங்கிருந்தவர். ஜன்னல்தான் என்றேன். "எவ்வளவு அகலம்?" என்றார். கிண்டல் இல்லை, குறித்துக்கொண்டார்.

கட்டிலை ஹாலுக்கு இழுத்துவிடலாம் என்று நானும் பக்கத்து வீட்டுத் தச்சரும் முயன்றோம். அது நிலைவாசலில் சிக்கிக்கொண்டது. இப்போது அம்மாவின் தலை நகரத்தில், கால் மாவட்டத்தில். நகர நர்ஸ் கையில் பிரஷர் பார்த்துவிட்டு, "இடுப்புதான் டவுட்டா இருக்கு மேடம்" என்று கிளம்பிவிடுகிறாள். மாவட்ட நர்ஸ் ஸ்டூல் போட்டு ஜன்னல் ஏறி வந்து, காலை மட்டும் நீட்டி மடக்கிவிட்டு, வந்த வழியே இறங்குகிறாள். இருவருமே நடக்க வைப்பதில்லை. நடந்தால் அம்மா எல்லை தாண்டிவிடுவாளே.

"சின்ன வயசுல ஒரு பிஸ்கட்டக்கூட சரிபாதியா ஒடைக்கத் தெரியாது அவனுக்கு. இப்ப என்னையே ஒடச்சு வச்சிருக்கான்" என்கிறாள் அம்மா.

ஆகவே உன் பென்சிலை எடுத்து, அந்தக் கோட்டை இந்த வாரத்துக்குள் பன்னிரண்டு அடி பின்னுக்குத் தள்ளு. ஊரையே நகர்த்தியவனுக்கு ஓர் அறை பெரிதில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், வரைபடம் தவிர மற்ற எல்லாப் பாடமும் அவர்களுக்கு நன்றாக வரட்டும்.

இப்படிக்கு,
சமைக்கும்போது நகரவாசியான உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் நகர நர்ஸ் சமையலறைக்கு வந்து, "அந்த ஜன்னல்காரிக்குக் கால் அமுக்கவே தெரியல மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் சத்தம். அம்மா தானே கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி வந்து, "அவளப் பத்தி நீ பேசாத. நீ பிரஷர் பாக்கறதோட நிறுத்திக்கோ" என்று சண்டைக்கு நின்றாள். நின்றாள், தம்பி. பிறகு, அப்போதுதான் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்த மாவட்ட நர்ஸிடம் இதை உடனே சொல்லியாக வேண்டும் என்று அதே எட்டு அடியைத் திரும்பவும் நடந்தாள். ஜன்னல்காரி என்ன பதில் சொன்னாள் என்று நாளைக்கு நகர நர்ஸிடம் வந்து சொல்லப் போகிறாளாம்.

மேலே கேட்டதை மறந்துவிடு. கோட்டை ஒரு விரல்கூட நகர்த்தாதே.