சகலை வீட்டுப் புல்தரை

காலை ஏழு மணிக்குப் பல் டாக்டர் தன் வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, புல்லை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று நாலு இடத்தில் மஞ்சளாக இருந்தது. இன்று ஆறு. நோயாளியின் வாயைப் பார்ப்பது போலவே முகத்தைச் சுளித்து, "பரவிடுச்சு" என்றார்.

புல் காய்ந்ததுகூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் காயாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

அந்தப் பக்கம் குடியிருந்தவர் அவருடைய சகலை, மனைவியின் தங்கை கணவர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். டாக்டர் குளம் கட்டிய மறு வருஷமே, அதே அளவில், அதே நீல ஓடு பதித்துத் தானும் ஒன்று கட்டிக்கொண்டார். அதைக்கூட டாக்டர் ஜீரணித்துவிட்டார். ஆனால் மூன்று வாண்டுப் பிள்ளைகள் இருக்கிற அந்த வீட்டில், குளத்தைச் சுற்றி ஒரு கீற்றுகூட வாடாமல் பச்சைப் பசேலென்று புல் நின்றது. இங்கே இருப்பதோ அவரும் மனைவியும் மட்டும். அவர் காலையில் பத்து நிமிஷம் தண்ணீரில் இறங்குவார், அவ்வளவுதான். அதற்கே இந்தக் கதி.

ஒருநாள் மானத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"நான் எதுவும் பண்றதில்ல சகலை," என்றார் அவர், நகம் வெட்டிக்கொண்டே. "அதுபாட்டுக்கு வளருது."

ஏதாவது ரகசிய உரத்தின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட டாக்டருக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

இரண்டு வீட்டுக் குளங்களையும் சுத்தம் செய்ய வாரம் ஒருமுறை ஒருவர் வருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். புல் ஏன் காய்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, குளத்துத் தண்ணீர் தெறிக்கிறது, அதிலிருக்கிற குளோரின் செடிகொடிக்கு ஆகாது என்றார். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

குளோரினைக் குறைத்தால் தீர்ந்தது என்று டாக்டர் அதைப் பாதியாக்கினார். பத்தே நாளில் குளம் பாசி பிடித்துவிட்டது. புல் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

"பச்சை வேணும்னீங்க, வந்துடுச்சு," என்றாள் மனைவி. "இடம்தான் மாறிப்போச்சு."

பாசியை ஒழிக்க மூன்று மடங்கு மருந்து போட வேண்டியதாயிற்று. அந்த வாரமே குளத்தோரத்து ரோஜாச் செடிகள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றன.

அடுத்து, தெறிக்கிற தண்ணீர் படாமலிருக்க, குளத்தைச் சுற்றிப் புல்மேல் தார்ப்பாய் விரித்தார். ஞாயிற்றுக்கிழமை விரித்ததைச் சுருட்டி வைக்க மறந்து திங்கட்கிழமை கிளினிக் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து மண்டையைப் பிளக்கிற வெயில். சாயங்காலம் தூக்கிப் பார்த்தால் அடியில் புல் வெந்து கிடந்தது. அதுவரை வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது. இப்போது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி காய்ந்திருந்தது. மதிலுக்கு மேலே சகலையின் தலை எழும்பியது. "அடப்பாவமே" என்று உச்சுக் கொட்டிவிட்டு இறங்கியது. அந்த உச்சு இரண்டு நாள் டாக்டரின் காதை விட்டுப் போகவில்லை.

பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் குளோரின் போய்விடும் என்று எங்கோ படித்தார். தினமும் மாலை ஒரு மணி நேரம் ஹோஸ் பைப்பும் கையுமாக நின்றார். புல் திரும்பவில்லை. தரைதான் சேறானது. அந்தச் சேறு காலோடு ஒட்டிக் குளத்துக்குள் போய், ஃபில்டர் அடைத்து, மோட்டார் புகைந்தது.

கடைசியில் தன்னையே திருத்திக்கொள்ள முடிவு செய்தார். காலையில் சத்தமில்லாமல் ஏணி வழியாக இறங்குவார். கை காலை அசைக்காமல் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பார். ஏறியபின் ஒரு சொட்டும் கீழே விழாதபடி ஏணியிலேயே துவட்டிக்கொள்வார். காற்று குளிராக அடிக்கும். நாலாம் நாள் ஜலதோஷம் பிடித்தது. பல்லுக்குத் துளை போடும்போது அவர் தும்மலை அடக்கியதைப் பார்த்துவிட்டு, ஒரு பெண்மணி பாதியிலேயே நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் தினம் ஒரு புது மஞ்சள் முளைத்தது. சகலைதான் மதிலுக்கு மேலாக எதையோ ஊற்றுகிறார் என்று டாக்டருக்கு நிச்சயமாகிவிட்டது. ஆனால் ஆதாரம் இல்லை.

"குளமே வேணாம். மூடிப் பூட்டிடப் போறேன்," என்றார் மனைவியிடம்.

குளத்துக்காக ஒருநாளும் வாய் திறக்காதவள் அன்றைக்கு மல்லுக்கு நின்றாள். ஆசையாகக் கட்டியதை யாராவது பூட்டுவார்களா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். டாக்டர் மசியவில்லை. கெட்டியான மூடி வரவழைத்து, குளத்தின்மேல் இழுத்துக் கட்டி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் உள்ளே போய்த் தங்கையிடம் ஃபோனில் வெகுநேரம் தணிந்த குரலில் பேசினாள்.

மூன்றாவது வாரம் புல் துளிர்த்தது. ஒரு மாதத்தில் மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. குச்சியாக நின்ற ரோஜாக்களும் தளிர் விட்டன.

அதைவிட இனிப்பான காட்சி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சகலையின் புல்தரையில் முதலில் ஒரு மஞ்சள் வட்டம். அப்புறம் மூன்று. அப்புறம் டாக்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை. மதிலோரம் நின்று சகலைக்குப் புல் வளர்ப்பு பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். குளோரின், தார்ப்பாய், ஹோஸ் பைப் எல்லாவற்றையும் விளக்கினார். சகலை வழக்கத்துக்கு மாறாக, குறுக்கே பேசாமல், தரையைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டே கேட்டார். தோற்றவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் எண்ணிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை குளம் சுத்தம் செய்பவர் பக்கத்து வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தார். டாக்டர் அவரைக் கூட்டிப் போய்த் தன் புல்தரையைச் சுற்றிக் காட்டினார். பிறகு, சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"பக்கத்துல என்னங்க ஆச்சு? அவ்வளவு நல்லா இருந்த புல்லாச்சே."

அவர் பூட்டைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"இத்தனை நாளா நீங்க கிளினிக் கிளம்பினதும் குடும்பத்தோட இங்க வந்துதான சார் குளிச்சிட்டிருந்தாங்க. நீங்க பூட்டினதுக்கு அப்புறம், பாவம், அவங்க குளத்துலயே குளிக்க வேண்டியதாப் போச்சு."