நிருஷாவின் துவக்கு பற்றி அத்தானுக்கு ஒரு விளக்கம்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல், கனடா
வெள்ளிக்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெரியத்தான் கணேசலிங்கம் அவர்கட்கு,

மைத்துனன் இரவிச்சந்திரன் பணிவோடு எழுதுவது. முருகன் அருளால் இங்கே நாங்கள் மூவரும் நலம். கோண்டாவிலில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் அவ்வாறே நலமாயிருக்க வேண்டுகிறேன்.

என் மகள் நிருஷா வேட்டைத் துப்பாக்கியோடு நிற்கும் படம் உங்கள் கைபேசிக்கு வந்ததாகவும், "துவக்குக்குப் பயந்து ஓடினவன்ர வீட்டுக்கையே துவக்கு?" என்று நீங்கள் கேட்டதாகவும் அக்கா சொன்னா. நியாயமான கேள்வி. கோயில் தலைவர் நீங்கள், ஊருக்குப் பதில் சொல்லவேண்டியவர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினாலு வயதுப் பிள்ளைகள் இங்கே எதை எதையோ கேட்கிறார்கள். இவள் வாத்து வேட்டைக்குப் போகக் கேட்டாள். எங்கள் தெருவில் இருக்கும் மன்னார் வலன்ரைன் அண்ணை வருடாவருடம் வேட்டைக்குப் போகிறவர், கூட்டிப்போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். பாதுகாப்பு வகுப்பில் தேறினால் பார்க்கலாம் என்றேன். கணக்கில் தேறாதவள் இதிலும் தேறமாட்டாள் என்ற நம்பிக்கைதான். வகுப்பில் முதலாவதாக வந்தாள். துவக்கு வாங்குவதென்றால் எனக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று என்னையும் படிக்கவிட்டார்கள். முன்னனுபவம் உண்டா என்று கேட்டார்கள். குழலின் மற்றப் பக்கத்தில் உண்டு என்றேன்.

வளருகிற பிள்ளைக்குச் சப்பாத்து, பனிக்கோட்டு எல்லாம் இரண்டு அளவு பெரிதாக எடுத்துப் பழகிய கை என்னுடையது. ஆகவே வலன்ரைன் அண்ணையைக் கேளாமல், பெரிய ஆளுக்கான துவக்கையே வாங்கினேன். சுடுபயிற்சித் திடலில் அதைத் தூக்கியவள் முதுகு பின்னால் வளைந்து தள்ளாடினாள். அண்ணை ஒரு தோட்டாகூடக் கொடுக்கவில்லை. "தம்பி, நுனியில பஞ்சு அடைஞ்சு போட இதென்ன சப்பாத்தோ? பின்பக்கத்து மரக்கட்டை நீளமெண்டா தோளில சரியா இராது. சுட்டா உதை கன்னத்துக்குத்தான் வரும்," என்றார். மாற்றிக்கொண்டு வந்தோம். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்டவேண்டும், அதுதான் அளவாம். அடியில் மெத்தென்ற ரப்பர். அவள் வளர வளர இடையில் வைக்கத் துண்டுகளும் தந்தார்கள், பாவாடை மடிப்பை அவிழ்த்துவிடுவதுபோல. இதை முதலே சொல்லியிருந்தால் நான் ஏன் பெரிதை வாங்கப்போகிறேன்?

துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில் என்று எல்லாம் சட்டப்படி இருந்தது. ஆயுதபூசை வந்தது. நிருஷாவின் தாய் துஷாந்தினி வேட்டைக்கு முழு எதிர்ப்பு. ஆனாலும், "வீட்டில ஆயுதம் இருக்க, அதை விட்டிட்டுப் பூசை செய்யிறதோ?" என்றாள். உண்மைதான், இவ்வளவு காலமும் கரண்டியையும் காரையும் வைத்தே ஒப்பேற்றி வந்தோம். சந்தனம் பூசி, குழல்வாயில் ஒரு செவ்வந்தியைச் செருகினாள். பூசை முடிந்து எடுக்கும்போது பூ கையோடு வந்தது. காம்பும் சந்தனமும் உள்ளே தங்கியது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை திடலில் நிருஷா துவக்கைத் திறந்து, பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தாள். "அப்பா, வெளிச்சம் தெரியேல்லை," என்றாள். அடைத்த குழலில் சுட்டால் குழலே வெடிக்குமாம். "பாக்காமல் சுட்டிருந்தால்?" என்று கேட்டேன். வலன்ரைன் அண்ணை துப்புரவாக்கும் கோலை எடுத்துக் குழலுக்குள் விட்டார். செவ்வந்திக் காம்பும் காய்ந்த சந்தனமும் வெளியே விழுந்தன, அத்தான்.

துப்புரவாக்கிய பிறகு சுட்டாள். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லோரும் போட்டிருந்தோம். அப்படியிருந்தும் வெடிச்சத்தத்தோடு நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. நிருஷா துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "இது வேற சத்தம் அப்பா, எழும்புங்கோ," என்றாள். பிள்ளைக்கு முன்னால் வெட்கமாய்ப் போயிற்று.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். நாளைக்கு முதல் வேட்டை, அவளை விடமாட்டேன். துவக்கையும் கொடுத்துவிடுவேன். கேட்பவர்களுக்கு அது பள்ளி நாடகத்துக்குச் செய்த மரத்துவக்கு என்று சொல்லிவிடுங்கள். கோயில் தலைவர் சொன்னால் ஊர் நம்பும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எக்காலமும் விளக்கும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

பணிவுள்ள மைத்துனன்,
இரவிச்சந்திரன்

பி.கு.: இன்று ஞாயிறு, கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. நேற்று வேட்டைக்குப் போனோம். விடியப் பார்த்தால் முழு எதிர்ப்பான துஷாந்தினியே சோற்றுப்பொதி கட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் என்ன செய்வது? சதுப்பில் ஒரு வாத்து தாழ்வாக எழும்பியது. நிருஷா துவக்கை உயர்த்தினாள். வாத்துக்கு நேர் பின்னால், நாணலுக்குள், யாரோ ஒருவன் படகில் இருந்தான். நான் அவனைக் காணவில்லை. அவள் கண்டாள், சுடாமல் துவக்கைத் தாழ்த்தினாள். வாத்து போய்விட்டது, வழியில் கோழி வாங்கிக்கொண்டு வந்தோம். மரத்துவக்குக் கதை வேண்டாம் அத்தான். உண்மைத் துவக்கு என்றே சொல்லுங்கள். துவக்கோடு நின்ற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். எதிரே மனிதன் இருக்கிறான் என்று தாழ்த்திய ஒருவரை நேற்றுத்தான் பார்த்தேன்.