எலெக்‌ஷன் அண்ணையின் கட்டில்

ஜெர்மனி தேர்தலை நினைத்து ஜெர்மனியில்கூட ஒருவரும் இவ்வளவு தூக்கத்தைத் தொலைத்திருக்க மாட்டார்கள். தொலைத்தவர் ஆக்லாந்தில் இருக்கிறார். மவுண்ட் வெல்லிங்டன் கிடங்கில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் வைத்த பெயர் எலெக்‌ஷன் அண்ணை. சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கே ஞாயிறு மாலை ஓட்டு எண்ணினால் இங்கே திங்கள் காலை. தேநீர் இடைவேளையில் அண்ணையின் முகத்தைப் பார்த்தாலே போதும், வந்தேறிகளை விரட்டுவோம் என்று முழங்குகிற அந்தக் கட்சி ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். பாழாய்ப்போன கட்சி பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்.

"நியூசிலாந்துல உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கு என்னண்ணே கவலை?"

"தங்கச்சி அங்கையல்லோ இருக்கிறாள்! நாளைக்கு வெளியாலை போ எண்டால் எங்கை போவாள்?"

சும்மா கவலைப்படுகிற ஆள் இல்லை அவர். ஆக்லாந்தின் மனுரேவாவில் இருக்கும் தன் வீட்டில் தங்கைக்கு ஓர் அறையை ஒதுக்கினார். அந்தக் கட்சி ஒரு ஊரைப் பிடித்தது, மெத்தை வந்தது. ஒரு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது, தேக்கு நிறத்தில் கட்டில் வந்தது. நாடாளுமன்றத்தில் இரண்டாமிடம் என்றதும் மனிதர் மூன்று கதவு அலுமாரியே இறக்கிவிட்டார்.

"அங்கை அவை வெல்ல வெல்ல இங்கை எனக்குக் கால் வைக்க இடமில்லை," என்றார் அண்ணி. "ஆட்சியைப் பிடிச்சினம் எண்டால் நான் காருக்குள்ளைதான் படுக்கோணும்."

போன கிறிஸ்துமஸுக்குத் தங்கை வருவதாகச் செய்தி வந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டுதான் வருகிறாள் என்று அண்ணையே முடிவுகட்டி, சாமான் ஏற்ற என் வேனையும் விமான நிலையத்துக்கு வரச்சொன்னார். தங்கையோ ஒரே ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"மிச்சச் சாமான் எங்கையடி?"

"என்ன சாமான்? மூண்டு கிழமை லீவிலை வந்தனான் அண்ணா!"

வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்ததும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"பக்கத்து வீட்டு மனுசி அந்தக் கட்சிக்குத்தான் வோட்டுப் போடுறவ. 'உன்னைச் சொல்லேல்லை, மற்ற ஆக்களைத்தான்' எண்டு சொல்லிச் சொல்லி நான் சுடுற ரோல்ஸை எல்லாம் சாப்பிட்டு முடிக்கிறா."

"அப்ப உனக்குப் பயமில்லையோ?"

"பயந்தான் அண்ணா. ஆனா சண்டைக்குள்ளை ஒருக்கா வீட்டை விட்டு ஓடினது போதும். இனி ஓடமாட்டன்."

தங்கை திரும்பிப் போகிற அன்று அண்ணை தன் வீட்டுச் சாவி ஒன்றை அவருடைய கைப்பையில் போட்டார். தங்கையும் அதை எடுத்துத் திருப்பித் தரவில்லை.

போன வாரம் அந்தக் கட்சி மறுபடி ஏறியது. அண்ணை இந்த முறை கடைக்குப் போகவில்லை. அந்தக் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்கு வந்தாராம், அண்ணி சொன்னார்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் இப்போதெல்லாம் திங்கள் காலையில் அண்ணையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்கிறேன்: அந்தத் தங்கை இந்தக் கட்டிலில் லீவுக்கு மட்டும் வந்து படுக்கட்டும்.