கியர்பாக்ஸுக்கு வந்த பொய்க் காய்ச்சல்

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் அன்பும் ஆசியும். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் சுகத்தைக் கேட்டால், முழங்கால் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்காலும் படி ஏறாதவரை நல்ல முழங்கால்தான். காரைப் பற்றி நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய்? "அக்கா, நான் சொல்றதை முதல்ல கேளு" என்று ஆரம்பிப்பாய், கேட்டு முடிக்கும்போது உனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடும். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. ஆகவே உட்கார்ந்து முழுசாகப் படி.

இந்தக் காரை உன் அத்தான் வாங்கிய அன்று நீயும்தான் கூட இருந்தாய். "கிளட்சே இல்லையா? அப்போ இடது காலுக்கு என்ன வேலை?" என்று நீ கேட்டாய். "அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாச்சு மச்சான்" என்றார். உண்மையில் அவர் எனக்காகத்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினார். பழைய காரில் நான் ஓட்டப் பழகியபோது அந்தக் கிளட்சோடு போட்ட சண்டையைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆனால் வாங்கிய பிறகு சாவியை எங்கே கொடுத்தார்? நான் நர்ஸ் வேலையில் இரவுப் பணி முடிந்து காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால், சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, சுருதி சேராமல் எதையோ சீழ்க்கையடித்தபடி காத்திருப்பார். ஏறி உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொருகிவிடும். வீடு பக்கத்தில்தான். ஆனால் விழிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். "இவ்வளவு நேரமா வர்றதுக்கு?" என்று கேட்டால், "ரோட்டுல கூட்டம்" என்பார். அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு நாய்கூட இருக்காது. என் தூக்கம் கலையக் கூடாதென்று தெருத் தெருவாகச் சுற்றியிருக்கிறார் மனுஷன். இது எனக்குத் தெரியும் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, கியர்பாக்ஸ் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்து என்று டாஷ்போர்டில் சிவப்பாக எழுத்து வந்தது. நிறுத்தலாம் என்று பார்த்தால் நான் பாலத்து நடுவில் இருக்கிறேன். அதற்குள் கியர் மாறமாட்டேன் என்று அடம்பிடித்து, வண்டி மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர ஆரம்பித்துவிட்டது. பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. ஒரு வேன்காரர் பக்கத்தில் வந்து, "பாட்டிம்மா, இறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம்!" என்றார். "முழங்கால் வலி தம்பி, இல்லேன்னா உன்னை முந்தியிருப்பேன்" என்றேன். சிரித்துவிட்டு, அவரே பின்னால் வேனைக் குறுக்காக நிறுத்தி, நான் பாலம் தாண்டும்வரை மற்ற வண்டிகளைத் தடுத்து வைத்தார். நல்ல பிள்ளை. பாட்டிம்மா என்றதை மன்னித்துவிட்டேன்.

அங்கிருந்து, கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமுமாக இருக்கிறதே, அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் சிவப்பு எழுத்தை எட்டிப் பார்த்தார். "கியர்பாக்ஸ் போயிடுச்சு மேடம்."

"திறந்து பார்த்தீங்களா?"

"அனுபவம் மேடம். புதுசு மாத்துறதுக்குப் பதிலா வண்டியையே வித்துடலாம்."

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். "நான்தான் சொன்னேனே, வித்துட்டு எங்ககூட வந்துடுக்கா, மாடி ரூம் சும்மாதான் இருக்கு" என்றாய். டை கட்டியவருக்கும் உனக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்குமோ என்றுகூட நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அன்றைக்கு எனக்கு வாதாடத் தெம்பில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை காரைத் துடைத்து வைக்கலாம் என்று போனேன். விற்கப்போகிற பண்டமானாலும் முகம் கழுவித்தானே அனுப்ப வேண்டும். சாவியைத் திருப்பியதுதான் தாமதம், மறுபடியும் அதே சிவப்பு எழுத்து! இரவு முழுக்கப் பனியில் நின்ற வண்டி, எஞ்சினைக்கூட இன்னும் எழுப்பவில்லை, அதற்குள் சூடா? பாயை விரித்துப் படுத்து, அடியில் கையை விட்டு கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. முழங்காலை மடக்கி எழுந்த கதையை விடு, எதிர்வீட்டம்மா வந்துதான் தூக்கிவிட்டார்.

எனக்குச் சட்டென்று பெண்கள் வார்டில் இருந்த ஒரு கிழவி ஞாபகம் வந்தது. நோயெல்லாம் குணமாகிவிட்டது, ஆனால் வீட்டுக்கு அனுப்புகிற அன்று மட்டும் தவறாமல் காய்ச்சல் காட்டும். நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தெர்மாமீட்டரை டீ டம்ளரில் முக்கிவிடுவாள். வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை. வார்டில் பேச்சுக்கு ஆள் இருந்தது. அதனால் தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன்னால் உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது நான் வார்டில் படித்த பாடம். அதைப் பாலத்து நடுவில் மறந்துவிட்டேன்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் இருக்கிறார். 'நிதானம்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கொட்டாவி விட்டால்கூட முடிக்க நேரம் எடுத்துக்கொள்வார். அவரிடம் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தேன். "நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டர்தான் பொய் சொல்லுதுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"நினைச்சா ஆகாதும்மா, சோதிச்சுப் பார்ப்போம். வண்டியை இங்கேயே விட்டுட்டு, நாளைக்குக் காலையில சூடேறுறதுக்கு முன்னாடி வாங்க."

மறுநாள் காலை ஸ்கேனரைச் சொருகினார். எண்ணெய் கொதிக்கிற சூட்டைத் தாண்டிவிட்டதாகக் காட்டியது. நாங்கள் இருவரும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். "சென்சார் கெட்டிருக்கலாம், இல்லேன்னா அதுக்குப் போற ஒயர் நசுங்கியிருக்கலாம்" என்று சொல்லி, சென்சாருக்குப் போகும் ஒயரின் முனையைக் கழற்றினார். கொதித்துக்கொண்டிருந்த எண் ஒரே பாய்ச்சலில் பூஜ்யத்துக்கும் கீழே, பனிமலைக் குளிருக்கு விழுந்தது. நான் பயந்துவிட்டேன். அவருக்கோ முதன்முதலாக முகம் மலர்ந்தது. "ஒயர் மேல தப்பில்லம்மா. ஒயர் நசுங்கியிருந்தா, கழட்டினாலும் எண் அசைஞ்சிருக்காது. ஆள் இல்லேன்னதும் இல்லேன்னு சொல்லுது பாருங்க. தப்பு உள்ளே இருக்கிற சென்சார்ல."

பிறகு அடித்தட்டைக் கழற்றினார். எண்ணெய் சிவப்பாகத் தெளிவாக இருந்தது, கருகல் வாசனை கொஞ்சமும் இல்லை. "கியர்பாக்ஸ் குத்துக்கல்லாட்டம் இருக்கு" என்றார். உள்ளேயிருந்து எடுத்த சென்சார் கிராம்பு அளவுகூட இல்லை. இத்தனூண்டு சாமானா பாலத்தில் என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது! எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "ஒரு டீ வாங்கி அதுல முக்கிப் பாருங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் வாங்கி வந்தார். புதுச் சென்சாரை மீட்டரில் இணைத்து டீயில் முக்கினோம். அந்த மீட்டர் காட்டுவது சூட்டை இல்லையாம், மின்தடையை; சூடு ஏற ஏற அது குறைய வேண்டும், எண்ணும் ஒழுங்காக இறங்கியது. பழையதை முக்கினோம். டீ ஆறி ஆடை கட்டியதே தவிர அந்த எண் அசையவே இல்லை. "முட்டை மேல கோழி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கு" என்று சொல்லி, நிதானம் விழுந்து விழுந்து சிரித்தார். அதுமட்டும் சீக்கிரமாக நடந்தது.

புதுசைப் பொருத்தி, எண்ணெய் ஊற்றி, நிதானம் இல்லையா, அடுத்த நாள் விடிந்ததும்தான் சாவியைக் கையில் கொடுத்தார். நேராக வீட்டுக்குத்தான் வர நினைத்தேன். வண்டி அவ்வளவு வழுக்கலாகக் கியர் மாறியதும் கை தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டது. வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நிறுத்தினேன். காலைப் பணி மாறும் நேரம். வெள்ளை உடையில் ஒரு சின்னப் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து, ஹெல்மெட்டோடு நின்ற ஒருவன் பின்னால் ஏறி, அவன் முதுகில் சாய்ந்துகொண்டு போனாள். எனக்கு அழுகை வரவில்லை தம்பி. பக்கத்து சீட்டைத் தட்டிக் கொடுத்தேன். அப்புறம் தெருத் தெருவாகச் சுற்றினேன். ரோட்டில் கூட்டமே இல்லை.

ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். வண்டிக்கு ஒன்றுமில்லை என்றாலும் எனக்கு வயதாகிறது என்று நீ சொல்வது சரி. பழைய கார் வாங்கும் தரகர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நல்ல நிலையில் இருப்பதால் நல்ல கையில் கொடுக்கலாம். மாடி அறையைப் பெருக்கி வை. சன்னல் பக்கம் கட்டில் போடு. உன் மனைவியிடம் நான் சமையலறையில் தலையிட மாட்டேன் என்று சொல், நம்பமாட்டாள், ஆனாலும் சொல். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வந்தாலும் மெய்யான நோயாக வந்து மெய்யாகவே குணமாகி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. தரகர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தார். "அருமையா இருக்கும்மா, இப்பவே எடுத்துக்கிறேன்" என்றார். நான் அவரைத் தனியாக அழைத்து, "நீங்க பிள்ளைகுட்டிக்காரர், மறைக்க மனசு வரல. கியர்பாக்ஸ் போயிடுச்சுன்னு பெரிய ஒர்க்‌ஷாப்பிலேயே சொல்லிட்டாங்க" என்றேன். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மாடி அறையில் கட்டில் போட வேண்டாம். வாசலில் ஒரு கார் நிறுத்த இடம் மட்டும் ஒதுக்கி வை. வெள்ளிக்கிழமை வருகிறேன், திங்கட்கிழமை திரும்பிவிடுவேன்.