செயின் டிரசரும் புக்கிட் மெலாவாத்தி மேடும்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் மருந்து கொடுத்த டிரசர்கள் எத்தனையோ பேர். ஆனால் காய்ச்சலோடு வந்தவனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, முதலில் சைக்கிளுக்கு வைத்தியம் பார்த்த டிரசர் உலகத்திலேயே எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் இருந்திருப்பார். எண்பதுகளில் நான் அங்கே ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் சட்டென்று வாயில் வராது. ‘செயின் டிரசர்’ என்றால் நாய்கூட வாலாட்டும்.

கிளினிக் வராந்தாவில் அவருடைய ரேஸ் சைக்கிள் எப்போதும் தலைகீழாக நிற்கும். பின்சக்கரத்துக்கு இரண்டு கியர் செட் வைத்திருந்தார். செகிஞ்சான் வயல் பக்கத்துத் தட்டையான ரோட்டுக்குச் சின்னப் பல்சக்கரங்கள், மேடு ஏறுவதற்குப் பெரியவை. செட்டை மாற்றி மாற்றி மாட்டுவார். செயின் மட்டும் ஒன்றுதான். சின்ன செட்டில் அது லேசாகத் தொய்ந்தது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

“தொங்குற செயினும் தொங்குற தொந்தியும் எனக்கு ஆகாது” என்று சொல்லி, சின்ன செட்டுக்கு விறைப்பாக இருக்கும்படி செயினைக் குட்டையாக வெட்டிவிட்டார்.

காப்பியோடு வந்த அவர் மனைவி பார்த்தார். “ஏங்க, ரெண்டுக்கும் ஒரே செயின்னா பெரிசுக்குத்தானே அளந்து வெட்டணும்?”

“நீ போயி ரசத்தப் பாருலா.”

“ரசம் எப்பவோ கொதிச்சிருச்சு. நீங்க செயினப் பாருங்க.”

அந்த வாரம் டவுனில் ரொட்டிக் கடை பாய் அவரைச் சீண்டினார். “வாயிலயே ரேஸ் ஓட்டுறீங்களே டிரசர், நம்ம ரொட்டி சைக்கிளோட ஓட்டிப் பாருங்களேன்!” டிரசர் மீசையைத் தடவினார். எங்கள் தோட்ட வாசலிலிருந்து புக்கிட் மெலாவாத்தி குன்றின் உச்சியில் இருக்கும் கலங்கரை விளக்கம் வரை பந்தயம். தோட்டமே லோரி ஏறிப் பார்க்க வந்தது. மானம் எங்களுடையதும் அல்லவா?

மேட்டுக்கென்று பெரிய செட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டை ரோட்டில் பறந்தார். பாய் கண்ணுக்கே தெரியவில்லை. மலையடியில் எங்களைப் பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டு கியரை இழுத்தார். செயின் ஆகப் பெரிய பல்சக்கரத்தில் ஏறியது. ஏறியதே தவிர, சுற்றி வர நீளம் போதவில்லை. வீணைக் கம்பி மாதிரி விறைத்து, ‘கடக்’ என்று மாட்டிக்கொண்டது. மிதி நகரவில்லை. டிரசர் பல்லக்கை இறக்குவதுபோல நிதானமாகப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். மரத்திலிருந்த குரங்குகள் இறங்கி வந்து பார்த்தன.

சற்று நேரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் வந்து சேர்ந்தார். “என்ன டிரசர், சைக்கிளுக்கு இழுப்பா?” கேட்டுக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

டிரசர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு உச்சிவரை நடந்தே வந்தார். தோட்டத்தில் எங்களை மேய்க்கும் மண்டோருக்கு மனசு கேட்கவில்லை. “சைக்கிள் கடைக்காரன் மட்டமான செயின வித்து ஏமாத்திட்டான்!” என்று சத்தம் போட்டார்.

“யாரையும் சொல்லாதீங்க மண்டோரே. செயின் நல்ல செயின். நான்தான் குட்டையா வெட்டிட்டேன். வீட்டுல அப்பவே சொன்னாங்க.”

அவர் மனைவி முந்தானையால் அவர் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை கிளினிக்கில் நிற்க இடமில்லை. மண்டோருக்குத் தலைவலி, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு வயிற்று வலி, எனக்குத் தொண்டை கட்டல். உண்மையில் யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தோம்.