பாலன் குடில் சரிகையும் என் கண்டுபிடிப்பும்

நான் முன்கோபி. அதைவிட மோசம், மறதிக்காரன். இரண்டும் சேர்ந்து என்னை ஒருநாள் குருநகரில் நாறடித்தன.

யாழ்ப்பாணத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாளில் லேபல் அடித்தால் நிலைமின்சாரம் ஏறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொட்டால் சுள்ளென்று அடிக்கும். ஒருநாள் மினுங்கும் சரிகை மாலை ஒன்றை, வெளியே வரும் தாளில் உரசும்படி கட்டி, நுனியை நிலத்துக்குப் போகும் கம்பியோடு இணைத்தேன். மின்சாரம் இறங்கிவிட்டது. (எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.) உடனே அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்தேன்.

'இத்தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது' என்று மறுத்துப் பதில் வந்தது. மடையன் என்று எழுதியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திராது. 'எனக்கு இது ஒருபோதும் தோன்றியதில்லை' என்று கடிதம் அடித்து, மற்ற அச்சகக்காரரிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். முதலில் குருநகரில் மனைவியின் அண்ணன் சேவியரிடம்.

அவருடைய மெஷினில் அதே சரிகை தொங்கியது.

"களவெடுத்துப் போட்டாய், கள்ளா" என்று கத்தினேன். வேலையாட்கள் ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெஷின் ஓட்டும் அன்ரன் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, உது யேசு பாலன் குடிலிலை கட்டினது. நத்தார் முடியக் குடிலைப் பிரிச்சு, சரிகையை உதிலை கட்டுறனாங்கள்."

"எப்ப துவங்கினனீங்கள்?" (கேட்காமல் விட்டிருக்கலாம்.)

"அது கனகாலம். உங்கடை மெஷின் பழுதெண்டு இஞ்சை வந்து அடிச்சனீங்களெல்லே, அப்பவும் கிடந்தது. உதென்ன குப்பை எண்டு கேட்டனீங்கள். கரண்டை நிலத்துக்கு இறக்கிறது எண்டு நான்தானே சொன்னனான்."

எல்லாம் ஞாபகம் வந்தது. அவர் சொல்லும்போது நான் தின்றுகொண்டிருந்த மீன் பணிஸ் உட்பட.

சேவியர் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி வாசித்தார். "எங்கை கையெழுத்து வைக்கிறது, மச்சான்?" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பியிருப்பேன்.

மன்னிப்புக்கூடக் கேட்காமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். விண்ணப்பத்தைக் கைவிட்டேன். அதன்பிறகு சேவியர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மனைவி சோறு போடும்போது மட்டும் கதைத்தாள்.

நத்தார் முடிந்ததும் சேவியரிடமிருந்து ஒரு பை வந்தது. உள்ளே குடில் சரிகை, ஒரு துண்டுக் கடிதம்: 'மச்சானின் கண்டுபிடிப்பு. பாவிக்க அனுமதி உண்டு.'

நேரே குருநகருக்குப் போனேன். அதே ஆறு பேருக்கு முன்னால், கள்ளன் நான்தான் என்று சொன்னேன்.

"அது இந்தத் தொழில் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும்தானே தம்பி" என்றார் அன்ரன் அண்ணை. அப்போதுதான் சேவியர் சிரித்தார்.

சரிகை இப்போதும் வருடாவருடம் வருகிறது. வீட்டில் நான் எந்தப் பிழையை ஒத்துக்கொண்டாலும் மனைவி அன்ரன் அண்ணையின் வசனத்தைத்தான் சொல்கிறாள்.